கட்டை இறக்கிடு

நவம்பர் 12, புதன்

விட்டு விட்டு மழை. ஷெட்டில் வடக்கு மூலை ஒழுகல், ஆம்ப் ரேக்கை நகர்த்தியாயிற்று. செம்பாக்கம் ஏரிப் பக்கம் பாதி ரோடு வரை தண்ணீர். வண்டியை மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தேன். செருப்பு போச்சு.

ஞாயிறு பெருங்களத்தூர் ரிசப்ஷனுக்குச் சரிபார்த்தவை:

டாப் பாக்ஸ் 2. ஒவ்வொன்றிலும் பதினைந்து இஞ்ச் ஸ்பீக்கர் ஒன்று, மேலே ஹார்ன் ஒன்று. இடது ஹார்ன் பழசு, வலது போன வருஷம் மாற்றியது.
பேஸ் 2. ஒன்றுக்குச் சக்கரம் இல்லை.
ஸ்டேஜ் மானிட்டர் 2, பாடுகிறவர்களுக்குத் தங்கள் குரல் கேட்க.
மைக் 6. அதில் ஒன்று ஸ்டெல்லாவுக்கு மட்டும்.
தார்ப்பாய், டேப், குடை.

இந்த நோட்டு பாக்ஸ் செட்டிங் எழுதி வைக்க வாங்கியது. நடுநடுவே வீட்டு விஷயமும் நுழைந்துவிடுகிறது. யார் படிக்கப்போகிறார்கள்.

ஸ்டெல்லாவுக்குத் தைராய்டு ஆபரேஷன் முடிந்து நாலு மாசம். இடது பக்கக் குரல் நாண் இன்னும் மந்தமாகத்தான் அசைகிறதாம். "தானா சரியாகலாம், ஆகாமலும் போகலாம்" என்றார் டாக்டர். இதைச் சொல்ல ஒரு டாக்டரா. பேச்சு வந்துவிட்டது. பாட்டில் மேல் ஸ்தாயி ஏறும்போது வெறும் காற்று மட்டும் வருகிறது. கீழே நன்றாக இருக்கிறது. எனக்கு அப்படித்தான் படுகிறது. கட்டிக்கொண்டவன் காது, அதை எவ்வளவு நம்பலாம் என்று தெரியவில்லை.

இருபத்திரண்டு வருஷமாக ராஜன் அண்ணன் குழுவில் பாடுகிறாள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே. ஞாயிற்றுக்கிழமைதான் ஆபரேஷனுக்குப் பிறகு முதல் மேடை. ரா. அண்ணன் போனில் சொன்னது அப்படியே: "சண்டே ரெண்டு பாட்டு பாடட்டும் சாமு. ஓகேன்னா டிசம்பர் மொத்தமும் அவதான். இல்லன்னா நா வேற ஆள பாக்கணும். தப்பா எடுத்துக்காத." தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

கேஸ் புக் பண்ண வேண்டும்.

நவம்பர் 14, வெள்ளி

காலை வெயில், மதியம் மழை. மேற்குத் தாம்பரத்தில் ரா. அண்ணன் வீட்டு மாடியில் ரிகர்சல். ஒரு டாப் பாக்ஸை மட்டும் ஏற்றினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

அண்ணனுக்கு என் சவுண்டில் பழைய குறை ஒன்று. இன்றும் ஆரம்பித்தார்.

"இன்னா சாமு, வாய்ஸு டிரம்முக்குள்ளேந்து வர்ற மாதிரியே கீது. பெரிய ஸ்பீக்கர்லயே எல்லாத்தையும் ஓட்ற. ஹார்னுக்குக் கொஞ்சம் வேலை குடேன்யா. கட்டை இறக்கு."

பாக்ஸுக்குள் போகிற சத்தத்தை ஓரிடத்தில் வெட்டி, கீழ்ப்பாதி பதினைந்து இஞ்சுக்கும் மேல்பாதி ஹார்னுக்கும் பிரித்துக் கொடுக்கிறோம். அந்த வெட்டுகிற இடம்தான் கட். எங்கள் பாக்ஸில் 1600 ஹெர்ட்ஸ். அதை இறக்கினால் குரலில் பெரும்பங்கு ஹார்னுக்குப் போகும். சத்தம் முன்னால் வந்து நிற்கும், தெளிவாக இருக்கும். அதில் அண்ணன் சொல்வது சரிதான்.

ஹார்ன் தாங்க வேண்டுமே. அதை எத்தனை முறை சொன்னாலும் மண்டையில் ஏறவில்லை. ஹார்னுக்குப் பின்னால் இருக்கிற டயாபிரம் ஒரு சின்னத் தகட்டுக் கிண்ணம். அரை மில்லிகூட ஆடுவதற்கு இடமில்லை. அதே சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே கொடுக்கச் சொன்னால் அது நாலு மடங்கு ஆட வேண்டும். இரண்டு மடங்கு இல்லை, நாலு. 1600-ஐ 800 ஆக்கினால் அதுதான் கதி. கூடவே கரண்ட்டும் அதிகம் வாங்கும், சூடும் ஏறும். சூட்டை, பவர் அளவு மீறாமல் பிடிக்கிற லிமிட்டர் பார்த்துக்கொள்ளும். ஆட்டத்தைப் பற்றி லிமிட்டருக்கு ஒரு எழவும் தெரியாது. வாட்ஸ் எண்ணிக்கைக்குள் இருக்கும்போதே தகடு முன்னால் முட்டிக் கிழியும்.

விட்டால் போதும் என்று லேப்டாப்பில் இன்னொரு செட்டிங் போட்டுக் காட்டினேன், கட் 800. "சின்னச் சத்தத்துல மட்டும் கேளுங்க. மேடைக்கு ஆகாது" என்றேன். ஸ்டெல்லா இரண்டு வரி பாடினாள்.

குரல் அவள் வாய்க்கு ஒரு அடி முன்னால் வந்து நின்றது. கீபோர்டு பாபுகூட செல்லை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

"பாத்தியா?" என்றார் அண்ணன்.

"ஹார்ன் செத்துடும்ணா."

"பேஜார் புடிச்சவன்யா நீ."

பழைய செட்டிங்குக்கே திருப்பினேன். 800-ஐ அழித்திருக்கலாம். அழிக்கவில்லை.

வரும்போது ரயில்வே கேட் அருகே அரை மணி நேரம். ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லீங்க, தொண்டைக்கு ரெஸ்ட்டு" என்றாள்.

நவம்பர் 16, ஞாயிறு, காலை

மேகம். மழை வரும், வராது.

ஸ்டெல்லா ஐந்து மணிக்கே எழுந்து ஆவி பிடித்தாள். கழுத்துத் தழும்பு தெரியாமல் காலர் வைத்த பிளவுஸ் தைத்திருக்கிறாள், மாம்பழ நிறப் புடவைக்கு. "நல்லாருக்கா?" என்று கேட்டாள். "மைக் ஸ்டாண்டை ஒரு விரல் ஏத்தணும்" என்றேன். சிரித்தாள். இருபது வருஷமாக இந்த மாதிரி பதிலுக்குச் சிரித்துக்கொண்டிருக்கிறாள், பாவம்.

மதியம் இரண்டுக்கு லோடிங். மானிட்டர் ஒயர் ஒன்று சந்தேகம், இன்னொன்று எடுத்துப் போக.

கர்த்தரே, இரண்டு பாட்டு.

நவம்பர் 17, திங்கள்

வெயில், புழுக்கம். எழுதத் தோன்றவில்லை. எழுதாவிட்டால் மண்டைக்குள்ளேயே சுற்றும்.

நேற்று நடந்தது.

ஆறரைக்கு ஆரம்பித்தோம். என் மேஜை ஹாலின் இடது சுவரோரம். பக்கத்தில் பெண் வீட்டுக்காரர்களின் சோபா வரிசை, அவர்களோடு ரா. அண்ணன் நின்றுகொண்டிருந்தார். முதல் நாலு பாட்டு ஆண் குரல், தாஸ். பிரச்சினை இல்லை.

ஏழு பத்துக்கு எங்கள் குழு வாட்ஸ்அப்பில் அண்ணன் போட்டார்: "ஸ்டெல்லா பாட்டுக்கு கட்டை இறக்கிடு. மறக்காத."

எனக்கு எரிச்சல். வெள்ளிக்கிழமை அவ்வளவு சொல்லியும் மனுஷன் விடமாட்டேன் என்கிறாரே. பத்தடி தூரத்தில் நிற்கிறவர், நேரில் சொன்னால் மறுப்பேன் என்று மெசேஜில் போடுகிறார் என்று நினைத்தேன். சரி, இரண்டு பாட்டுதானே, சத்தத்தைக் கவனித்துக்கொண்டால் தாங்கும். கட்டைவிரல் பொம்மை போட்டேன். எனக்கு முன்பே பாபுவும் ஒன்று போட்டிருந்தான். அவன் எதற்குப் போடுகிறான் என்று அப்போது யோசிக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு, மறைப்பானேன். வெள்ளிக்கிழமை 800-இல் அவள் குரல் கேட்டது எனக்கும் பிடித்திருந்தது. அந்தக் குரலை ஹால் முழுக்கக் கேட்க வைக்க வேண்டும் என்று ஆசை.

ஸ்டெல்லா ஏறினாள். செட்டிங் மாற்றினேன். வழக்கத்தைவிடச் சுருதி கீழே ஆரம்பித்தது. பல்லவி முதல் இரண்டு வரி நன்றாகவே இருந்தது. ஹாலில் சத்தம் அதிகம், சாப்பாட்டுப் பந்திக்கு ஆட்கள் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள், கொஞ்சம் ஏற்றினேன். சரணத்தில் இறங்குகிற இடம். அங்கே கிழிந்தது. கர்ர் என்று, பழைய துணியைக் கிழிக்கிற மாதிரி. அடுத்த வரியில் மறுபடி. சோபாவில் இருந்த அம்மா காதைப் பொத்திக்கொண்டார். அண்ணன் என்னைப் பார்த்தார்.

ஃபேடரை இறக்கினேன். அவள் மைக்கின் சத்தம். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து இறக்கினேன். கோரஸ் பாடுகிற நிஷாவின் மைக்கை ஏற்றினேன். அந்தப் பெண் புத்திசாலி, புரிந்துகொண்டு பாட்டை எடுத்துக்கொண்டாள். அண்ணன் மேடைப் பக்கம், நிஷாவே தொடரட்டும் என்று கையைக் காட்டினார். இரண்டாவது பாட்டும் நிஷாதான். ஸ்டெல்லாவின் குரல் இல்லையென்றானதுமே செட்டிங்கை 1600-க்குத் திருப்பிவிட்டிருந்தேன். பிறகு கடைசி வரை ஒரு பிசிறும் இல்லை.

ஸ்டெல்லா மேடையோரம் பிளாஸ்டிக் நாற்காலியில். கைக்குட்டையை மடித்து, பிரித்து, மடித்து.

ஒயர் சுற்றும்போது வலது கோடியில் ஐஸ்கிரீம் ஸ்டால் போட்டிருந்தவர் வந்தார். "இன்னா சார், அந்தம்மா நல்லாத்தான பாடிச்சு, ஏன் நடுவுல நிறுத்திட்டீங்கோ?" நல்ல மனுஷன், ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.



நவம்பர் 18, செவ்வாய்

மறுபடி மழை. கேஸ் வந்தது.

காலை ஏழே முக்காலுக்குக் குழுவில் ஒரு வரி: ஸ்டெல்லா வெளியேறினார். சமையலறையில் நின்று தோசை வார்த்துக்கொண்டே வெளியேறியிருக்கிறாள். நான் ஹாலில் உட்கார்ந்து போனில் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பாபு மட்டும் அழுகிற பொம்மை போட்டான், பிறகு அதையும் அழித்துவிட்டான்.

ரா. அண்ணன் போன். டிசம்பருக்கு நிஷாவிடம் சொல்லிவிட்டாராம். "மனசு கஷ்டமாத்தான் கீது சாமு. என் தங்கச்சி மாதிரி அது. ஆனா நீயே கேட்டியே."

ஆமாம், கேட்டேன்.

மத்தியானம் அவளாகவே பேசினாள். தட்டைக் கழுவிக்கொண்டு, என்னைப் பார்க்காமல்.

"எனக்கு நல்லாத்தாங்க கேட்டுச்சு."

"என்னது?"

"மானிட்டர்ல. முன்னால இருக்கிற அந்த பாக்ஸ்ல என் குரல் நல்லாத்தான் இருந்துச்சு. அப்ப நிமிர்ந்து பார்த்தா ஒரு அம்மா காதைப் பொத்துறாங்க. அதுதான் பயமா இருக்கு. நான் நல்லா பாடுறேன்னு எனக்குக் கேக்குது, மத்தவங்களுக்கு வேற மாதிரி கேக்குது. அப்ப இந்த நாலு மாசமா வீட்ல பாடிப் பார்த்து, பரவாயில்ல வந்துடுச்சுன்னு நினைச்சேனே, அதுவும் அப்படித்தானா?"

"மேடையில எப்பவும் வேற மாதிரிதான் கேக்கும்" என்று ஏதோ பூசி மெழுகினேன்.

"இனிமே எனக்கு என் காதை நம்ப முடியாதுங்க" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை.

இருபது வருஷமாகப் பார்க்கிறேன், வேலை செய்யும்போது எதையாவது முனகிக்கொண்டே இருப்பாள். ஞாயிற்றிலிருந்து அது இல்லை. குக்கர் சத்தம் மட்டும்.

நவம்பர் 19, புதன்

தூறல். ஷெட்டில் வேலை.

வெள்ளிக்கிழமை பொத்தேரியில் ஒரு காலேஜ் விழா. டாப் பாக்ஸைத் துடைத்து டோன் விட்டுப் பார்த்தேன், கீழிலிருந்து மேல் வரை. வலது சரி. இடதில் ஆயிரத்து அறுநூறுக்கு மேல் ஏறும்போது ஒரு சிலுசிலுப்பு. நட்டு லூஸ் என்று நினைத்தேன். முடுக்கினேன். போகவில்லை.

ஹார்னைக் கழற்றி, பின்னால் டயாபிரம் இருக்கிற மூடியைத் திறந்தேன்.

டயாபிரம் ஓரத்தில் முடி அளவு விரிசல். கால் வட்டத்துக்கு ஓடியிருக்கிறது. நடுவில் முன்னால் முட்டின தடம், வட்டமாக. இடைவெளியில் சாம்பல் மாதிரித் தகட்டுத் தூள்.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

கிழிந்தது தொண்டை இல்லை. ஹார்ன். என் ஹார்ன். நான் 800-க்கு இறக்கி, நான் சத்தத்தை ஏற்றி, நானே கிழித்தது. இடது பாக்ஸ் மட்டும், அதுதான் பழைய ஹார்ன். ஐஸ்கிரீம்காரர் ஆறுதல் சொல்லவில்லை. அவர் வலது பாக்ஸுக்கு அடியில் நின்றார். அவர் கேட்டதுதான் ஸ்டெல்லாவின் குரல். மானிட்டருக்குத் தனி ஆம்ப், அதன் கட்டை நான் தொடவே இல்லை. அவளுக்குக் கேட்டதும் அதே குரல்தான். ஹாலில் அவளும் அந்த ஐஸ்கிரீம்காரரும்தான் சரியாகக் கேட்டிருக்கிறார்கள்.

பிறகு ஏன் நிஷா பாட்டில் பிசிறு வரவில்லை? 1600-க்குத் திருப்பிவிட்டேனே. அந்த உயரத்தில் தகடு அவ்வளவாக ஆடாது, கல்யாண இரைச்சலில் சிலுசிலுப்பும் தெரியாது. அவள் இறங்கினதும் சவுண்டு சரியாகிவிட்டது, ஆக அவள்தான் கோளாறு என்று ஊருக்கே நிரூபித்துக் கொடுத்திருக்கிறேன்.

போனை எடுத்து அந்த மெசேஜைப் பார்த்தேன். "ஸ்டெல்லா பாட்டுக்கு கட்டை இறக்கிடு." எதற்கோ பாபுவைக் கூப்பிட்டேன். அவன் எதற்குக் கட்டைவிரல் போட்டான் என்று கேட்டேன்.

"கட்டை இறக்கச் சொன்னாருல்லண்ணா. ஒன்றரைக் கட்டை இறக்கிட்டேன். அக்கா சனிக்கிழமை அவருக்கு போன் பண்ணி, மேல போக முடியல, சுருதியைக் குறைங்கன்னு கேட்டாங்களாம். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. என்னிடம் சொல்லவில்லை. கவலைப்படுவேன் என்று இருக்கும்.

பாட்டுக்காரர்களுக்குக் கட்டை என்றால் சுருதி. எனக்குக் கட்டை என்றால் கட்-ஐ. ஒரே எழுத்து, ஒரே உச்சரிப்பு. அண்ணன் பாபுவுக்குப் போட்ட மெசேஜை நானும் எனக்கென்று எடுத்துக்கொண்டேன். இரண்டு பேரும் சொன்னபடி செய்தோம். அவன் அவள் குரலைக் கீழே இறக்கினான், நான் ஹார்னைக் கீழே இறக்கினேன். இரண்டும் ஒரே இடத்தில் போய் முட்டிக்கொண்டன.

மாற்று டயாபிரம் அலமாரியில் இருந்தது. போட்டேன். டோன் சுத்தம். பழையதை ஒரு மாத்திரைக் கவரில் போட்டுச் சட்டைப் பையில் வைத்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். புளிக்குழம்பு. சொல்லவில்லை.

நவம்பர் 20, வியாழன்

மழை இல்லை. கொசு.

ஏன் சொல்லவில்லை என்று எழுதிப் பார்க்கலாம்.

1. ஒரு ஹார்ன்கூட எரித்ததில்லை என்று இந்த வட்டாரத்தில் பேர். போனால் போகட்டும், இது காரணமே இல்லை.
2. மெசேஜைத் தப்பாகப் படித்தேன் என்று சொல்ல வெட்கம். இதுவும் இல்லை. சொன்னால் அவள் சிரிக்கக்கூடச் செய்வாள்.
3. கிழிந்தபோது நான் என்ன நினைத்தேன் என்பது.

மூன்றுதான்.

காதை வைத்துப் பிழைக்கிறவன். ஸ்பீக்கர் காகிதம் கிழிந்தால் ஒரு சத்தம், உள்ளே கம்பிச் சுருள் உரசினால் ஒரு சத்தம், தகடு முட்டினால் ஒரு சத்தம், தூக்கத்தில் கேட்டாலும் பிரித்துச் சொல்வேன் என்று பீற்றிக்கொள்கிறவன். வேறு யார் பாடிக்கொண்டிருந்தாலும் முதலில் பாக்ஸைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன். தாஸுக்குக் கிழிந்திருந்தால் அரை வினாடியில் கட்டை ஏற்றியிருப்பேன். பாடினது ஸ்டெல்லா, ஆகவே தொண்டை என்று முடிவு பண்ணினேன். மேடை ஏறுவதற்கு முன்பே முடிவு பண்ணி வைத்திருந்தேன். ஃபேடர் மேல் விரலை வைத்துக்கொண்டே காத்திருந்தேன், எப்போது போகும் என்று.

அதைச் சொல்ல வாய் வரவில்லை.

சாயங்காலம் மேற்குத் தாம்பரம் போய் அண்ணனிடம் மட்டும் சொன்னேன். டயாபிரத்தைக் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மெசேஜைத் திரும்பப் படித்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அட கடவுளே. நா பாபுக்குல்லய்யா போட்டேன்."

"டிசம்பர் அவளுக்கே குடுங்கண்ணா."

"நிஷாகிட்ட சொல்லிட்டேனே. அதுங்க வூட்ல எல்லார்கிட்டயும் சொல்லிகினு திரியுதுங்க. இப்ப எப்படிய்யா போயி..." டயாபிரத்தைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. எனக்கு இன்னா தெரியும் ஹார்னு பத்தி? கர்ருன்னுச்சு. உன் மூஞ்சத்தான் பாத்தேன். நீ பாக்ஸ் பக்கம் திரும்பவே இல்ல. ஸ்டெல்லா மைக்க இறக்கின. கட்டுன புருஷன், சவுண்டுக்காரன், அவனே இறக்கிட்டான், அப்ப முடிஞ்சுதுன்னு நெனச்சேன். நீ இறக்காம இருந்தா நா கை காட்டியிருக்க மாட்டேன் சாமு."

டீ கொடுத்தார்கள். குடிக்காமல் வந்துவிட்டேன்.

நவம்பர் 21, வெள்ளி

பொத்தேரி வேலை. நல்ல கூட்டம், நல்ல மழை. கட் 1600. ஒரு பையன் வந்து "அண்ணா, வாய்ஸ் கொஞ்சம் முன்னால வரட்டுமே" என்றான். முடியாது என்றேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது, பயந்து போய்விட்டான். பிறகு கூப்பிட்டு சாரி சொன்னேன்.

லேப்டாப்பில் 800 செட்டிங்கை அழித்தேன். ஐந்து நாள் கழித்து.

நவம்பர் 22, சனி

மேகமூட்டம். காலையில் சொல்லிவிட்டேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து மாத்திரைக் கவரை அவள் கையில் கொடுத்தேன். "இது என்ன தெரியுமா" என்று ஆரம்பித்தேன். கட், கட்டை, பாபு, ஒன்றரை, 800, நாலு மடங்கு, இடது பாக்ஸ், வலது பாக்ஸ், ஐஸ்கிரீம்காரர். ஒன்றையும் விடவில்லை. மானிட்டரில் கேட்டதுதான் உன் குரல், உன் காதில் ஒரு குறையும் இல்லை என்றேன். விரிசலை நகத்தால் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப என் தொண்டை கிழியல."

"இல்ல."

"நிஜமா?"

"நிஜமா. சத்தியமா."

முகம் மாறியது. ஆறு நாளாகப் பார்க்காத முகம். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டாள், கீரைக் கை கன்னத்தில் பச்சையாக ஒட்டியது. "அந்த அம்மா மேல எவ்வளவு கோவம் எனக்கு, தெரியுமா" என்று சிரித்தாள். எனக்கு அப்படியே எழுந்து ஓடிவிடலாம் போல் இருந்தது. இந்த இடத்தோடு முடிந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

பிறகு யோசித்தாள்.

"ஆனா ரெண்டாவது தடவை கர்ருன்ன உடனே ஹால்ல என் குரல் நின்னுபோச்சே. எனக்குத் தெரிஞ்சுது. மானிட்டர்ல மட்டும் நான் பாடிக்கிட்டிருந்தேன், வெளியில நிஷா. அதுவும் ஹார்னா?"

அதுவும் ஹார்ன்தான் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது. ஹார்ன் போனதும் சத்தம் நின்றுவிடும் என்று சொன்னால் நம்பியிருப்பாள், நான் சொல்வதையெல்லாம் நம்புகிறவள்தான். வாய் வரை வந்தது.

"இல்ல. அது நான்."

"நீங்களா?"

"ஃபேடரை இறக்கினேன்."

"ஏன்?"

சொன்னேன். உன் குரல் போய்விட்டது என்று நினைத்தேன், அசிங்கப்படக் கூடாது என்று இறக்கினேன் என்றேன். பாக்ஸைப் பற்றி யோசிக்கவே இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன். ஒரு தடவைகூடவா என்றாள். ஒரு தடவைகூட இல்லை.

டயாபிரத்தைக் கவருக்குள் போட்டு, மூடி, என் பக்கம் நகர்த்தி வைத்தாள். மீதிக் கீரையை ஆய்ந்து முடித்தாள். திட்டுவாள் என்று உட்கார்ந்திருந்தேன்.

"நாளைக்குக் காலையில பாடிப் பார்க்கணும்" என்றாள் எழுந்தபடி. "நீங்க இருக்க வேணாம்."

நவம்பர் 23, ஞாயிறு

தூறல். ஆறு மணிக்கு வெளியே வந்துவிட்டேன். சர்ச்சுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. டீக்கடை, ஏரிக்கரை, மறுபடி டீக்கடை. வாங்குவதற்கு ஒன்றும் இல்லை. கொத்தமல்லி வாங்கினேன்.

ஏழரைக்குத் திரும்பினேன். வீட்டில் சத்தம் இல்லை. உள்பக்கம் தாழ். கதவைத் தட்டவில்லை, படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

மாடி வீட்டு அம்மா பால் கவரோடு இறங்கி வந்தார்கள். "ஸ்டெல்லா பாடிச்சே, ஒரு மணி நேரமா. மேல வரைக்கும் கேட்டுது."

"எப்படி இருந்துச்சும்மா?" என்று கேட்டேன்.

"இன்னாப்பா என்னாண்ட கேக்குற? நீதான சவுண்டுக்காரன்."